ஆஃப்டர்நூன் அண்ணாவும் ஒரு நாள் துணைவேந்தரும்

பல்கலைக்கழகங்களைத் துணைவேந்தர்கள் நடத்துகிறார்கள் என்று நீங்கள் நினைத்துக்கொண்டிருந்தால், மன்னிக்கவும், அப்படி இல்லை. பெங்களூரில் ஒரு தேசியப் பல்கலைக்கழகத்தை ஒரு சீனியர் அசிஸ்டென்ட் நடத்தினார். துணைவேந்தர்கள் வந்தார்கள், போனார்கள். எப்போது வந்தார்கள், எப்போது போனார்கள் என்பதை அவர் எழுதி வைத்தார். அவர் எழுதி முடிக்கும்வரை யாரும் வந்ததாகவும் இல்லை, போனதாகவும் இல்லை.

அவருக்கு ஆஃப்டர்நூன் என்று பெயர். சம்பளப் பட்டியலில் வேறு பெயர் இருந்தது. அதைச் சொல்லிக் கேட்டால் பக்கத்து மேஜைக்காரருக்கே தெரியாது.

காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். ஒருவர் பதவியை விட்டுப் போகும்போதும் இன்னொருவர் ஏற்கும்போதும் ஒரு தாளில் கையெழுத்துப் போட வேண்டும். அதற்கு சார்ஜ் ரிப்போர்ட் என்று பெயர். அதில் தேதி மட்டும் எழுதினால் போதாது. ஃபோர்நூனா, ஆஃப்டர்நூனா என்றும் எழுத வேண்டும். ஆபீஸ் வழக்கப்படி ஒரு நாளுக்கு முற்பகல், பிற்பகல் என்று இரண்டு பாதிகள்தான் உண்டு. மணி, நிமிடம் எல்லாம் மற்றவர்களுக்கு. பல்கலைக்கழகம் தொடங்கிய நாளிலிருந்து வந்த எல்லா சார்ஜ் ரிப்போர்ட்டுகளும் அவருடைய பீரோவில் இருந்தன. அவற்றைக் காத்துக் காத்து, அவருடைய வாழ்க்கையும் இரண்டு பாதிகளாகவே ஓடியது.

"ஜுரம் மண்டே ஆஃப்டர்நூன் சார்ஜ் எடுத்துச்சு. வெனஸ்டே ஃபோர்நூன் ரிலீவ் ஆயிடுச்சு" என்பார்.

மர்பி டவுனில் நடந்த அவருடைய கல்யாணத்தைப் பற்றி கேன்டீனில் ஒரு கதை உண்டு. முகூர்த்தம் பதினொன்றே முக்காலிலிருந்து பன்னிரண்டே கால் வரை. ஐயர் நிதானமாக மந்திரம் சொல்லிக்கொண்டிருந்தார். மாப்பிள்ளை மணையில் உட்கார்ந்து பெண்ணைப் பார்க்கவில்லை, கடிகாரத்தைப் பார்த்தார். பன்னிரண்டுக்கு இரண்டு நிமிடம் இருக்கும்போது தாலியைத் தானே எடுத்துக் கட்டிவிட்டார். கெட்டி மேளக்காரர் அப்போது வாயில் வெற்றிலையோடு இருந்தாராம்.

"ஏன்டா, பேய் புடிச்ச மாதிரி பண்ற?" என்று மாமனார் சட்டையைப் பிடித்தார்.

"பன்னண்டு தாண்டிட்டா ஆஃப்டர்நூன் ஆயிடும் மாமா. அப்புறம் காலைல அவ சாப்ட்ட டிபன் உங்க வீட்டு டிபனா, எங்க வீட்டு டிபனான்னு யார் சொல்றது?"

இது உண்மையா என்று அவரிடமே கேட்டேன். "டிபன் இல்லம்மா, காபி" என்று திருத்தினார்.

அவருடைய இரண்டாவது சட்டம் டவல். துணைவேந்தர் நாற்காலியின் முதுகில் ஒரு வெள்ளை டர்க்கி டவல் போட்டிருக்கும். அது பதவிக்குரிய மரியாதை. ஒருவருடைய பதவிக்காலம் முடிந்து அடுத்தவர் நியமனம் ஆகும்வரை, மூத்த டீன் ஒருவர் பொறுப்புத் துணைவேந்தராக இருப்பார். அப்போது ஆஃப்டர்நூன் டவலை எடுத்து மடித்து பீரோவில் வைத்துப் பூட்டிவிடுவார். அதோடு, பெரிய நாற்காலியை ஓரமாக நகர்த்தி, பக்கத்தில் ஒரு பிரம்பு நாற்காலியைப் போடுவார்.

ஒரு பொறுப்புத் துணைவேந்தருக்கு இது பொறுக்கவில்லை. "டவல் எங்கேப்பா?" என்று கேட்டார்.

"தோய்க்கப் போயிருக்கு சார்."

"எப்ப வரும்?"

"ரெகுலர் வி.சி. வந்ததும் வந்துடும் சார்."

மூன்றாவது கதைதான் புகழ்பெற்றது. ஒரு துணைவேந்தர் கோபித்துக்கொண்டு, ராஜினாமாவை மின்னஞ்சலில் அனுப்பிவிட்டு நேராக ஏர்போர்ட்டுக்குப் போய்விட்டார். அடுத்தவர் அன்று பிற்பகலே பொறுப்பேற்க வேண்டும். ஆஃப்டர்நூன் சார்ஜ் ரிப்போர்ட்டைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு ஏர்போர்ட் பஸ் பிடித்தார். ஹெப்பாள் மேம்பாலத்தில் பஸ் நின்றது. இறங்கி ஓடினார். பைக்கில் வந்த ஒருவரிடம், "தம்பி, யுனிவர்சிட்டி ஆளில்லாம கெடக்கு, சீக்கிரம் உடு" என்று ஏறிக்கொண்டார். புறப்பாட்டு வாசலில் துணைவேந்தரைப் பிடித்தார்.

"நான்தான் ரிசைன் பண்ணிட்டேனே, விடுய்யா!"

"நீங்க உட்டுட்டீங்க சார். அது உங்கள இன்னும் உடல. இங்க ஒரு கையெழுத்து."

பெட்டிகள் ஏற்றிய டிராலியின் மேலேயே கையெழுத்து வாங்கினார். மணி பதினொன்று ஐம்பது. வாசலில் நின்ற காவலர், "இவர் உள்ளே போகலாமா?" என்று துணைவேந்தரைக் காட்டி ஆஃப்டர்நூனிடம் கேட்டதாகச் சொல்வார்கள். "இப்பப் போலாம்" என்றாராம்.

நான் அங்கே வேலைக்குச் சேர்ந்தபோது அவர் ஓய்வு பெற ஐந்து மாதம் இருந்தது. என்னுடையது ஒப்பந்த வேலை. பல்கலைக்கழக இணையதளத்தில் 'தலைமைப் பொறுப்பு வகித்தோர்' என்று ஒரு பக்கம் வேண்டும். துணைவேந்தர், பதிவாளர், தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலர் என மூன்று பட்டியல்கள், தொடக்கத்திலிருந்து இன்றுவரை. பல்கலைக்கழகத் தொடக்க நாள் விழாவில் வெளியிட வேண்டும். எனக்குப் பட்டியல் என்றால் உயிர். தொம்மலூரில் எங்கள் வீட்டு ஃபிரிட்ஜுக்குள் இருப்பதற்கே ஒரு பட்டியல், ஃபிரிட்ஜின் மேல் ஒட்டியிருக்கும். ஆகவே துணைவேந்தர் பட்டியலுக்கு ஒரு விதியைக் கம்ப்யூட்டர் நிரலில் எழுதினேன். ஒருவர் விட்ட பாதிநாளுக்கு அடுத்த பாதிநாளில் இன்னொருவர் இருந்தே ஆக வேண்டும். இல்லாவிட்டால் அந்த வரி சிவப்பாகும்.

இதை அவரிடம் சொன்னபோது அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"அதாவது, நடுவுல ஆளில்லன்னா மெஷினே கத்துமா?"

"கத்தாது அண்ணா. சிவப்பாகும்."

"முப்பது வருசமா நான் கத்தினு இருக்கேன். ஒருத்தனும் செவக்கல."

அன்றிலிருந்து நான் அவருக்குக் 'கம்ப்யூட்டரம்மா' ஆனேன். பீரோ எனக்காகத் திறந்தது. அவர் வாசிக்க, நான் தட்டச்சு செய்தேன். தாளைப் பார்க்கும் முன்பே தேதியைச் சொல்லிவிடுவார். ஒரு துணைவேந்தரைப் பற்றி நல்லவரா கெட்டவரா என்று கேட்டால், "ஃபோர்நூன்ல வந்து ஆஃப்டர்நூன்ல போனாரு. நீட்டா இருந்தாரு" என்பார். அதற்கு மேல் புகழ்ச்சி அவரிடம் கிடையாது.

நான்காம் நாள் ஒரு வரி சிவப்பானது.

பல வருடங்களுக்கு முன் ஒரு துணைவேந்தர் வியாழக்கிழமை முற்பகல் பதவியை விட்டிருந்தார். அடுத்தவர் வெள்ளிக்கிழமை பிற்பகல் ஏற்றிருந்தார். நடுவில் ஒரு முழு நாள், வியாழன் பிற்பகலும் வெள்ளி முற்பகலும், யாரும் இல்லை. சார்ஜ் ரிப்போர்ட்டும் இல்லை. துணைவேந்தர் அறைக்கு வெளியே தொங்கும் பொன்னெழுத்துப் பலகையிலும் அந்த இடத்தில் பெயர் இல்லை.

"அண்ணா, இந்த ஒரு நாள் யார் இருந்தாங்க?"

எந்தக் கேள்விக்கும் இரண்டு நொடியில் பதில் சொல்பவர், பீரோ சாவியைத் தேடினார். சாவி அவர் கையிலேயே இருந்தது.

"அத அப்படியே உடும்மா" என்றார்.

அப்படியே விட முடியாது. இடைவெளி எது கண்ணில் பட்டாலும் சட்டப் பிரிவுக்குக் குறிப்பு எழுத வேண்டும், அந்த நேரத்தில் கையெழுத்தான உத்தரவுகளையெல்லாம் அவர்கள் சரிபார்ப்பார்கள் என்று பதிவாளர் முதல் நாளே சொல்லியிருந்தார். நான் அதை அவருக்கு நினைவூட்டினேன்.

மறுநாள் என் மேஜையில் ஒரு பொட்டலம் கோடுபளே இருந்தது. பெங்களூர்க்காரர்களுக்குத் தெரியும், வளையல் மாதிரி முறுக்கு. அதற்கு மறுநாளும் இருந்தது. மூன்றாம் நாள் அவரே வந்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"கம்ப்யூட்டரம்மா, அந்த வெள்ளிக்கிழமைய மட்டும் வியாழக்கிழமை ஆஃப்டர்நூன்னு மாத்திட்டா செவப்பு போயிடும்ல?"

கையிலிருந்த கோடுபளேயைப் பொட்டலத்திலேயே திரும்ப வைத்தேன். அரை நாளுக்காக ஏர்போர்ட்வரை ஓடிய மனிதர், ஒரு முழு நாளைத் திருத்தச் சொல்கிறார்.

"அண்ணா, நீங்களா இதைச் சொல்றீங்க?"

அவர் பீரோவைத் திறந்தார். சார்ஜ் ரிப்போர்ட் கட்டுகளுக்கு அடியிலிருந்து ஒரு பாலிதீன் உறையை எடுத்துக் கொடுத்தார். உள்ளே ஒரு நியமன உத்தரவின் நகல். தினக்கூலியாக இருந்த ஒன்பது பேரை அட்டெண்டர்களாக நிரந்தரமாக்கும் உத்தரவு. ஏழாவது பெயர் அவருடையது. தேதி அந்த வியாழக்கிழமை. கீழே, 'துணைவேந்தர்' என்று அச்சடித்த இடத்துக்கு மேல், பேனாவால் 'பொறுப்பு' என்று எழுதி ஒரு கையெழுத்து.

"யாரு அண்ணா இது?"

"கெமிஸ்ட்ரி டீன் அம்மா. அப்ப நான் தூசி தட்டினு இருந்தேன். வி.சி. காலைல போயிட்டாரு. எங்க ஃபைலு டிரேல கெடக்கு. சாயங்காலம் அஞ்சு மணியோட எங்கள பர்மனென்ட் ஆக்கற சேங்ஷன் முடியுது. அதுக்குள்ள கையெழுத்து ஆவலன்னா ஒன்பது பேரும் வீட்டுக்கு. யாரோ ஓடிப்போய் அந்தம்மா கிட்ட சொல்லிட்டாங்க. லேப்லேருந்து நேரா வந்தாங்க, கோட்டுல கறையோட. நான் வி.சி. நாற்காலிய இழுத்துப் போட்டேன். 'நான் சார்ஜ் எடுக்கலப்பா, அதுல உக்காரக் கூடாது'ன்னாங்க. நின்னுனே ஒன்பது பேரோட காயிதத்தையும் படிச்சாங்க. நின்னுனே போட்டாங்க."

"சார்ஜ் ரிப்போர்ட்?"

"கிளார்க் லீவு. எழுதல. மறுநாள் புது வி.சி. வந்துட்டாரு. எல்லாரும் மறந்துட்டாங்க."

சட்டம் அவருக்கு மனப்பாடம். துணைவேந்தர் இல்லாதபோது மூத்த டீன் தானாகவே அந்தப் பொறுப்பை வகிக்கலாம், சார்ஜ் ரிப்போர்ட் இல்லாவிட்டாலும் செல்லும். அப்படியானால் இத்தனை வருடம் ஏன் பயந்தார் என்று கேட்டேன்.

"அன்னிக்கு ரெண்டு டீனு. ரெண்டு பேரும் ஒரே தேதில புரஃபசர் ஆனவங்க. அந்தம்மா மூத்தவங்களா, அந்த சாரு மூத்தவரா, யாருக்குத் தெரியும்? சர்வீஸ் ரிஜிஸ்டர் கீழ ரெக்கார்டு ரூம்ல இருக்கு. நான் ஒரு தபா கூடப் போய்ப் பாக்கல. அவர்தான் மூத்தவருன்னா, அந்தம்மா போட்டது செல்லாது. நாங்க ஒன்பது பேரும் வேலைலயே இல்லன்னு அர்த்தம். எட்டுப் பேரு ரிட்டயர் ஆயிட்டாங்க, பென்ஷன் வாங்கறாங்க. எல்லாம் நின்னுடும்மா."

ஒவ்வொரு அரை நாளையும் அவர் ஏன் துரத்திப் பிடித்தார் என்பது எனக்கு அப்போதுதான் விளங்கியது. தான் விழுந்த ஓட்டையில் இன்னொருவர் விழக்கூடாது என்பதற்காகவே அவர் ஏர்போர்ட்டுக்கு ஓடியிருக்கிறார். சிரித்துச் சிரித்து அந்தக் கதையைச் சொன்ன வாய்களில் என்னுடையதும் ஒன்று.

தேதியை மாற்ற மாட்டேன் என்றேன். ரிஜிஸ்டரைப் பார்க்காமல் இருக்கவும் முடியாது, நாம் பார்க்காவிட்டால் சட்டப் பிரிவு பார்க்கும் என்றும் சொன்னேன். அவர் பீரோவில் மாற்றுக்கு வைத்திருந்த டவலை எடுத்து ரொம்ப நேரம் மடித்துப் பிரித்து மடித்தார். பிறகு, "நட" என்றார்.

ரெக்கார்டு ரூம் படிக்கட்டில் அவர் எனக்குப் பின்னால்தான் வந்தார். இரண்டு ரிஜிஸ்டர்களையும் நானே இறக்கித் தூசி தட்டினேன். அவர் சுவரைப் பார்த்து நின்றுகொண்டார்.

"படிம்மா. சட்டுனு படி."

"அந்த சார். பேராசிரியராகப் பதவியேற்றது…" தேதியைப் படித்தேன். "ஆஃப்டர்நூன்."

அடுத்த ரிஜிஸ்டரைப் புரட்டினேன்.

"கெமிஸ்ட்ரி அம்மா. அதே தேதி. ஃபோர்நூன்."

அவர் திரும்பவில்லை. "கண்ணாடி போட்டுனு படிச்சியா?" என்றார்.

"எனக்குக் கண்ணாடி இல்லண்ணா."

"அப்ப என்னுத வாங்கிப் போட்டுனு இன்னொரு தபா படி."

அவருடைய கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, எழுத்தே தெரியாமல், இன்னொரு தடவை சத்தமாகச் சொன்னேன். அதற்குப் பிறகுதான் அவர் தரையில் உட்கார்ந்தார். அரைமணி நேரம் எழுந்திருக்கவில்லை. அவர் வாழ்க்கையிலேயே, அது முற்பகலா பிற்பகலா என்று கவனிக்காத அரைமணி நேரம் அதுவாகத்தான் இருக்கும்.

பதிவாளர் குறிப்பைப் படித்தார், அந்த அம்மாவின் அரை நாள் மூப்பைக் காட்டும் ரிஜிஸ்டர் நகல்களைப் பார்த்தார், சட்டப் பிரிவைத் தொலைபேசியில் ஒரு கேள்வி கேட்டார், ஒப்புதல் கொடுத்தார். பட்டியலில் ஒரு புது வரி சேர்ந்தது. தேதியைப் போட்டு முடித்த பிறகுதான் நான் கவனித்தேன், அந்தப் பட்டியலில் முதல் பெண் பெயர் அதுதான். புகைப்படம் கிடைக்கவில்லை. கெமிஸ்ட்ரி துறையின் பழைய குழுப் படம் ஒன்றிலிருந்து வெட்டி எடுத்தேன். கறை படிந்த கோட்டோடுதான் இருக்கிறார்.

அந்தப் பக்கத்தை முதலில் அவருக்குத்தான் காட்டினேன். நாற்காலியை நகர்த்திப் போட்டேன், உட்காரவில்லை. நின்றபடியே பார்த்தார்.

"பேருக்குப் பக்கத்துல 'பொறுப்பு'ன்னு போட்டிருக்க."

"உங்க ரூல்படிதானே அண்ணா? இன்-சார்ஜ்னா இன்-சார்ஜ்னு போடணும்."

"ஆமாமா. ரூல் ரூல்தான்" என்றார். கொஞ்சம் தள்ளிப் போய்த் திரும்பி வந்தார். "எழுத்த மட்டும் சின்னதாப் போட்டுக்கயேன்."

போட்டேன். என் தொழில் வாழ்க்கையில் காரணம் எழுதாமல் செய்த ஒரே மாற்றம் அது.

அவர் ஓய்வு பெற்றுவிட்டார். நானும் அங்கிருந்து வேறு வேலைக்கு வந்துவிட்டேன். அவரிடம் இருப்பது பட்டன் போன், அதில் இணையமெல்லாம் கிடையாது. மாதம் ஒருமுறை கூப்பிடுவார். சௌக்கியம் கேட்பார், மழை உண்டா என்று கேட்பார், அப்புறம் ஒன்றுமில்லாத மாதிரி, "அந்தம்மா பேரு இருக்குதா?" என்பார். இருக்கிறது என்று எனக்குத் தெரியும். ஆனாலும் போனைக் காதில் வைத்தபடியே ஒவ்வொரு தடவையும் அந்தப் பக்கத்தைத் திறந்து, கண்ணால் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன்.

"இருக்குண்ணா."