பாவுக்குள் போன மாப்பிள்ளை

தெரியாத ஊரில் வழி கேட்பதென்றால் எனக்கு உயிரே போய்விடும். கேட்டால் அசலூர்க்காரன் என்று தெரிந்துவிடுமே. (கேட்காவிட்டாலும் முகத்திலேயே எழுதி ஒட்டியிருக்கும், அது வேறு விஷயம்.)

நான் பினாங்குக்காரன். எனக்கு இந்தியா வெளிநாடு. கைத்தொலைபேசி வாய் திறந்து வழி சொல்லத் தொடங்கியிருந்த புதிது. கோமதியை நிச்சயம் செய்துகொள்ளக் காஞ்சிபுரம் வந்திருந்தேன். தறி வைத்திருக்கும் அவள் அப்பாவுக்கு அரை மனசுதான். "நம்ம தெரு பழக்கமே தெரியாத புள்ளைக்கு எப்படிம்மா பொண்ணு குடுக்கிறது?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாராம். லாட்ஜுக்கு ஆள் அனுப்புவதாகச் சொன்னார். நான் விடுவேனா?

"வேணாம் மாமா. போன் இருக்கு. நானே வந்துடுவேன்."

நிச்சயத்துக்கு முதல் நாள் விடியற்காலையில், இரவல் ஸ்கூட்டரில் ஒத்திகைக்குக் கிளம்பினேன். தைப் பனி. முன்சக்கரமே சரியாகத் தெரியவில்லை. சட்டைப்பைக்குள்ளிருந்து ஒருத்தி ஆங்கிலத்தில் வலது, இடது என்றாள். ஆளில்லாத தெருக்களில் அந்தக் குரலைக் கேட்கக் கேட்க முதுகு சில்லிட்டது. ஒரு நாய் குரைக்காமல் நின்று பார்த்தது. அது குரைத்திருந்தால் தைரியமாக இருந்திருக்கும்.

கடைசித் தெருவில் திரும்பினேன். பனிக்குள் இரண்டு வெள்ளை உருவங்கள் எதிரெதிரே நின்று, கையை நீட்டி நீட்டிக் காற்றைத் தடவிக்கொண்டிருந்தன. பேச்சு மூச்சில்லை. கால் தரையில் படுகிறதா என்று பார்த்தேன், தெரியவில்லை. நேராகப் போ என்றாள் சட்டைப்பைக்காரி. பயத்தில் என் கை பிரேக்கை மறந்து ஆக்ஸிலரேட்டரை முறுக்கியது.

முகத்தில் ஈரமாக ஏதோ அப்பியது. கழுத்தைச் சுற்றி இழுத்தது. பட் பட்டென்று அறுந்தது. ஸ்கூட்டரோடு விழுந்து கிடந்தவன் மேல் ஒரு உருவம் மெல்லக் குனிந்தது. அதன் விரல்களிலிருந்து வழவழவென்று என் நெற்றியில் சொட்டியது.

"என்னை விட்டுடு" என்று அலறினேன்.

"எழுந்திருங்க மாப்ள" என்றது.

மாமனார். கையில் கஞ்சி. தறியில் நெடுக்காக ஏற்றும் பட்டு இழைகளை, அதுதான் பாவு, தெரு நீளத்துக்கு விரித்துக் கஞ்சி தடவிக்கொண்டிருந்தார்கள். அந்த நேரத்தில் அங்கே சைக்கிள்கூட நுழையாது என்பது ஊரில் எல்லோருக்கும் தெரியும். சட்டைப்பைக்காரிக்குத் தெரியாது. சேரவேண்டிய இடம் வந்துவிட்டது என்று அறிவித்துவிட்டு அவள் அடங்கினாள்.

"யாருக்கு மாமா இந்தப் பாவு?"

"உங்க முகூர்த்தப் பொடவைக்குத்தான்."

யாரும் திட்டவில்லை. அதுதான் பேயைவிடப் பயமாக இருந்தது. கதவுகள் ஒவ்வொன்றாகத் திறந்தன. வந்தவர்கள் அறுந்த இழைகளை ஒவ்வொன்றாக முடியத் தொடங்கினார்கள். கோமதி வாசற்படியில் நின்று என்னையே பார்த்தாள். எல்லாம் போச்சு என்று எனக்கு அழுகை வந்துவிட்டது.

"பொண்ணு குடுக்க மாட்டீங்களா மாமா?"

அவர் என் காலரில் சிக்கிய இழைகளைப் பிரித்து, நுனிகளை என் கையில் கொடுத்தார். "மொதல்ல இத்த புடிங்க. ஆட்டாதீங்க."

வெயில் ஏறும்வரை பிடித்தபடி நின்றேன். கை மரத்துப்போனது. கடைசி இழையை முடிந்தபின் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"தெரு பழக்கம் தெரிஞ்சிக்கினீங்கல்ல. நாளைக்கு நடந்து வாங்க."

நடந்தே போனேன், தலையில் கஞ்சி வாசனையோடு. நிச்சயம் நடந்தது.

இன்றும் அந்தத் தெருவில் பாவு விரித்தால், முனையில் ஒரு பழைய பெஞ்சைக் குறுக்கே போடுகிறார்கள். அதற்குப் பெயர் மாப்பிள்ளை. போன வருடம் மாமனார் வீட்டு வாசலில் பல் தேய்த்துக்கொண்டு நின்றேன். பனியில், பாவு விரித்துக்கொண்டிருந்தவர்களுக்கு என்னைத் தெரியவில்லை.

"மாப்ளய குறுக்கால போட்டாச்சா?"

"போட்டாச்சுபா. வேற எதுக்கும் ஒதவலன்னாலும் இதுக்காச்சும் ஒதவுது."