கிளி டீச்சர் ஆன கதை

வாய்க்கொழுப்பால் மானம் போனவர்களை ஊர் நிறையப் பார்த்திருக்கிறது. வாயை அடக்கிவைத்து, சொல்லிக்கொடுத்ததை அட்சரம் பிசகாமல் செய்து, அதனாலேயே மானம் போனவள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். போடிநாயக்கனூரில் என் வயசுக்காரர்கள் யாரைக் கேட்டாலும் இந்தக் கதையைச் சொல்வார்கள். அவர்கள் கை கால் வைத்துச் சொல்வதற்குள் நானே சொல்லிவிடுகிறேன்.

எண்பதுகளின் தொடக்கம். எங்கள் பெண்கள் பள்ளியில் ஒன்பதாம் வகுப்புக்கு அறிவியல் எடுத்துக்கொண்டிருந்தேன். மதுரையில் ஆசிரியர்களுக்கு மனநல ஆலோசனைப் பயிற்சி, பத்து நாள், பள்ளிக்கு ஒருவர் வர வேண்டும் என்று தகவல் வந்தது. மற்ற டீச்சர்களுக்கெல்லாம் பிள்ளை, மாமியார், சினை மாடு என்று ஆளுக்கொரு காரணம் இருந்தது. கல்யாணமாகாதவள் நான் மட்டும்தான். "இவளுக்குத்தான் வீட்டுல ஒரு சோலியும் இல்ல, போயிட்டு வரட்டும்" என்று முடித்துவிட்டார் பெரிய டீச்சர். (தலைமை ஆசிரியைதான். முதுகுக்குப் பின்னால் மட்டும் பெரிய டீச்சர். நேரில் பேச்சே வராது.)

பயிற்சி கொடுத்தவர் தாலாட்டுப் பாடுகிற குரலில் பேசினார். பாதிப் பேர் தூங்கிவிட்டார்கள். நான் தூங்கவில்லை. அதுதான் வினையாகப் போயிற்று.

"ஆலோசகர் புத்தி சொல்லக் கூடாது. திட்டக் கூடாது. எதிரில் இருப்பவர் சொல்வதை அவருக்கே திருப்பிச் சொல்லுங்கள். தன் மனசு தன் காதில் விழுந்தால், வழியை அவரே கண்டுபிடித்துக்கொள்வார்" என்றார் அவர். இதை இரண்டு முறை அடிக்கோடிட்டு எழுதிக்கொண்டு ஊர் திரும்பினேன்.

கிழிந்த தேசப்படங்களும் கால் உடைந்த பெஞ்சும் கிடந்த அறையை எனக்கு ஒழித்துக் கொடுத்தார்கள். பக்கத்தில் ஏலக்காய்க் கடை. பெண்கள் உட்கார்ந்து காய் தரம் பிரிக்கும் பேச்சும், அந்த வாசனையும் ஜன்னல் வழியாக வந்துகொண்டே இருக்கும். இன்றைக்கும் பாயசத்தில் ஏலக்காய் மணக்கும்போது எனக்கு அந்த அறைதான் நினைவு வருகிறது. அப்படி ஒரு சந்தோஷத்தோடு அதில் உட்கார்ந்திருந்தேன். வாசலில் "ஆலோசகர்" என்று நானே சாக்பீஸால் எழுதினேன்.

ஆலோசகரின் கடமைகள் என்னென்ன என்பதைப் பெரிய டீச்சர் தீர்மானித்தார். பிரேயரில் மயங்கி விழுந்த பிள்ளை என்னிடம் வந்தது. கணக்கு வராத பிள்ளை வந்தது, சரி, நியாயம்தான். பேன் பார்க்க வேண்டிய பிள்ளைகள் வந்தன. காற்றாடிக்குக் கீழே இருக்கும் நாற்காலிக்காகச் சண்டை போட்ட தமிழ் டீச்சரும் தையல் டீச்சரும்கூட வந்தார்கள். எல்லோருக்கும் ஒரே வைத்தியம். "நாற்காலி வேண்டும் என்று நினைக்கிறீர்கள்" என்றேன். இருவரும் என்னை முறைத்துவிட்டு, வாழ்க்கையில் முதல்முறையாக ஒற்றுமையாக வெளியே போனார்கள். பார்த்தீர்களா, பலித்துவிட்டது!

இந்தத் தெம்பில் நான் இருக்கும்போதுதான் சன்னாசி அண்ணன் வந்தார். என் வகுப்பு செல்வராணியின் அப்பா. சொந்த ஊர் பக்கத்தில் சிலமலை. மனைவியோடு மேலே ஒரு ஏலத் தோட்டத்தில் தங்கி, ஆட்களை மேய்க்கும் கங்காணி வேலை. மகளைப் போடியில் அத்தை வீட்டில் விட்டுப் படிக்கவைத்தார். செல்வராணி கெட்டிக்காரி. நான் பாதி கேள்வி கேட்கும்போதே கையைத் தூக்கிவிடுவாள்.

அவர் பெஞ்சின் நுனியில் உட்கார்ந்து துண்டை மடியில் வைத்துக்கொண்டார்.

"டீச்சர், எம்மவள நிப்பாட்டிரலாம்னு இருக்கேன்."

ஐயோ வேண்டாம் என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். ஆனால் பயிற்சி என்றால் பயிற்சி. "நிறுத்திவிடலாம் என்று நினைக்கிறீர்கள்" என்றேன்.

அவர் நிமிர்ந்து பார்த்தார். "சொந்தபந்தமெல்லாம் அதத்தான் சொல்லுது. பொட்டப்புள்ளைக்கு ஒம்பதாப்பே சாஸ்தியாம்."

"ஒன்பதாம் வகுப்பே அதிகம் என்று தோன்றுகிறது."

"எனக்குத் தோணல டீச்சர், அவுகளுக்குத்தான்..." என்று இழுத்துவிட்டுக் காத்திருந்தார். நானும் காத்திருந்தேன். "மேல காய் எடுக்க ஆளும் பத்தல. வந்தா அவ ஆத்தாளுக்கு ஒத்தாசையா இருப்பா."

"அம்மாவுக்கு ஒத்தாசையாக இருப்பாள்."

"இருப்பா. ஆனா நல்லாப் படிக்கிற புள்ளயா இருக்காளே..."

"நன்றாகப் படிக்கிறாள். ஆனாலும் நிறுத்த வேண்டியிருக்கிறது."

 துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். "சரி டீச்சர். நீங்களே சொன்னப்பறம் என்ன இருக்கு? டி.சி.ய அடுத்த வாரம் வந்து வாங்கிக்கிறேன்." கும்பிட்டுவிட்டுப் போய்விட்டார்.

நான் என்ன செய்திருப்பேன் என்று நினைக்கிறீர்கள்? ஓடிப்போய் அவர் துண்டைப் பிடித்து நிறுத்தினேனா? இல்லை. எப்படியும் இரண்டு நாளில் மனசு மாறி அவரே வழி கண்டுபிடித்துவிடுவார் என்று நிம்மதியாகப் பேன் பார்க்கப் போனேன்.

இரண்டு நாள் கழித்து செல்வராணியின் இடம் காலியாக இருந்தது. பக்கத்தில் உட்காரும் பிள்ளை எழுந்து சொன்னாள்: "அவுக அப்பா மலைக்குக் கூட்டிட்டுப் போயிட்டாரு டீச்சர். நீங்கதான் நிப்பாட்டச் சொன்னீகளாம்ல?"

வகுப்பே என்னைப் பார்த்தது. அந்தப் பார்வையை நான் இன்னும் மறக்கவில்லை.

பெரிய டீச்சரிடம் நடந்ததைச் சொன்னேன். "சொன்னதையே சொல்லுறதுக்கு ஒரு கிளி வாங்கிக் கட்டியிருப்பேனே! ஜோசியக்கிளியாவது ஒரு சீட்டை எடுத்துக் குடுக்கும்" என்றார். பிறகு குரலை இறக்கி, "டி.சி. எழுதிட்டா அந்தப் புள்ள கதை முடிஞ்சது. வெரசாப் போய்க் கூட்டிட்டு வா" என்றார்.

சனிக்கிழமை விடிகாலையில் தோட்டத்துக்கு ஆள் ஏற்றும் ஜீப்பில் ஏறினேன். போடியில் பிறந்தும் அதுவரை மலைக்குப் போகாதவள் நான். முதல் வளைவில் தலை சுற்றியது. மூன்றாவது வளைவில் காலைப் பலகாரம் வெளியே வந்தது. "டீச்சரம்மா, தலைய வெளிய நீட்டுங்க, எங்க தூக்குச் சட்டியில வேணாம்" என்று பக்கத்தில் இருந்த அக்கா என் கழுத்தைப் பிடித்துக்கொண்டே வந்தார். எல்லாம் வெளியே போன பிறகு தலை நிமிர்ந்து பார்த்தேன். கீழே போடி ஒரு கைப்பிடி அளவில் கிடந்தது. அந்த நிலையிலும் அழகாகத்தான் இருந்தது.

தோட்டத்துச் சரிவில் ஏலச்செடிகள் ஆள் உயரத்துக்கு மேல் நின்றன. காய் மட்டும் வேர்த்தூரில், மண்ணை ஒட்டி. பெண்கள் குத்தவைத்து உட்கார்ந்து பறித்துக்கொண்டிருந்தார்கள். சன்னாசி அண்ணனைக் கண்டதும் கௌரவமாக நடக்க முயன்றேன். ஈர மண் விடவில்லை. சறுக்கி, உட்கார்ந்தவாக்கில் அவர் காலடிவரைக்கும் வந்து சேர்ந்தேன்.

"என்ன டீச்சர் இப்புடி!" என்று தூக்கிவிட்டார். நான் சேற்றோடு நின்று தொண்டையைச் செருமினேன்.

"அண்ணே, உங்க மனசுல ஒரு குழப்பம் இருக்கிறதாக..."

"ஆமா டீச்சர், கொழப்பமாத்தான் இருக்கு."

"குழப்பமாகத்தான் இருக்கிறது" என்றது என் வாய். (பாழாய்ப்போன வாய், பழகிவிட்டது!)

அப்போது கெண்டைக்காலில் சில்லென்று ஏதோ நெளிந்தது. குனிந்து பார்த்தால் அட்டைப் பூச்சி. ஒன்று இல்லை, கூட்டமாக. நான் போட்ட கூச்சலில் பெண்கள் சுண்ணாம்பு டப்பாவோடு ஓடி வந்தார்கள். அவர்களுக்கு நடுவில் செல்வராணி. இடுப்பில் சாக்கு கட்டியிருந்தாள். என் காலில் சுண்ணாம்பு தடவிய அவள் விரலெல்லாம் மண்ணும் கறையுமாக இருந்தது. வகுப்பில் முந்திக்கொண்டு தூக்குகிற கை அது. என்னை நிமிர்ந்து பார்க்கவே இல்லை.

அவ்வளவுதான். பத்து நாள் பயிற்சியும் காற்றில் போயிற்று.

"என்னய்யா மனுசன் நீ! கண்ணு அவிஞ்சா போச்சு? மொத ரேங்க் எடுக்குற புள்ளயக் கொண்டாந்து காட்டுக்குள்ள குத்த வச்சிருக்க! சொந்தக்காரன் சொன்னா கெணத்துல குதிப்பியா? அவ பத்தாப்பு பரிச்ச எழுதணும்யா! ஏத்துய்யா புள்ளய ஜீப்புல!"

வயசில் மூத்த மனிதரை நீ, வா, போ என்று பேசிவிட்டேன்.  நன்றாக வாங்கிக் கட்டிக்கொள்ளப் போகிறேன் என்றுதான் நினைத்தேன். அவர் முகம் கொஞ்சம் கொஞ்சமாக மலர்ந்தது.

"இத அன்னைக்கே சொல்லிருக்கலாம்ல டீச்சர்?" என்றார். "நிப்பாட்டுறதுன்னா நேரா ஆபீசுல டி.சி. வாங்கிட்டுப் போயிருப்பேனே, உங்க ரூமுக்கு எதுக்கு வந்தேன்? ஊரே நிப்பாட்டுங்குது. ஒரு ஆளாச்சும் நிப்பாட்டாதடான்னு வஞ்சா, டீச்சர் வஞ்சுட்டாகன்னு சொல்லித் தப்பிச்சுக்கலாம்னு வந்தேன். நீங்க என்னடான்னா நான் சொன்னதையே எனக்குச் சொல்லுறீக!"

நான் அழுதுவிட்டேன். செல்வராணியும் அழுதாள். "சாக்க அவுரு ஆத்தா, பொஸ்தகப் பைய எடு" என்றார் அவர். இறங்கும் ஜீப்பில் என் தலையை வெளியே பிடித்துக்கொண்டது அவள்தான்.

திங்கட்கிழமை என் அறை வாசலில் "ஆலோசகர்" என்பதை அழித்துவிட்டு யாரோ ஒரு கிளிப்படம் வரைந்திருந்தார்கள். நன்றாகவே வரைந்திருந்தார்கள். ஓய்வு பெறும்வரை நான் கிளி டீச்சர்தான். கல்யாணமான பிறகு வீட்டிலும் அதே கதி. "பசிக்குது" என்பார் கணவர். நான் வாயைத் திறக்குமுன் "பசிக்கிறது என்று நினைக்கிறீர்கள்" என்பான் மகன்.

போன மாதம் செல்வராணியிடமிருந்து போன். மதுரையில் நர்ஸாக இருக்கிறாள்.

"டீச்சர், எம்மக காலேசுக்குப் போகமாட்டேன்னு அடம் பிடிக்கிறா."

"போகமாட்டேன் என்று அடம் பிடிக்கிறாள்" என்றேன், வேண்டுமென்றே.

அவள் சிரித்தாள். சிரித்து முடித்து, "எங்கப்பா இருந்தா உங்ககிட்டத்தான் டீச்சர் கூட்டிட்டு வந்திருப்பாரு. அவகிட்ட போனக் குடுக்கிறேன். நல்லா வையிங்க" என்றாள்.

நன்றாகவே வைதேன்.