அரைநூல் வீட்டுக் கதவு

ஒரு மரத்தின் அடிக்கட்டையை வீட்டுக்குள் கொண்டுபோவதற்காகத் தன் வாசல் கதவையே பெயர்த்துப் போட்ட மனிதர் இந்த உலகத்தில் ஒருவர்தான் இருக்க முடியும். அந்த ஒருவர் அயனம்பாக்கத்தில், எங்கள் எதிர்வீட்டில் இருந்தார். எட்டு மாதம் நான் பிளந்த வாயை மூடவில்லை. பல்செட்டு இரண்டு தடவை கீழே விழுந்தது.

அவருக்கு அப்பா அம்மா வைத்த பேர் என்னவோ, எங்கள் தெருவுக்கு அவர் அரைநூல். ஆசாரிகள் ஒரு அங்குலத்தை எட்டாகப் பிரித்து, ஒரு பங்கை ஒரு நூல் என்பார்கள். இவருக்கு அது போதாது, அதிலும் பாதி பார்க்க வேண்டும். ஆவடி ஃபாக்டரியில் முப்பது வருஷத்துக்கு மேல் இரும்பு கடைந்தவர். ரிட்டயரானதும் கடைய இரும்பு இல்லாமல் எங்களைப் பிடித்துக்கொண்டார். நான் கோலம் போட்டு நிமிர்வதற்குள், "யக்கா, லெஃப்ட் சைடு தாமரை அரை நூலு பெருசா கீது" என்று எதிர்க் கேட்டிலிருந்து குரல் வரும். ஒருநாள் அவர் மனைவி கஸ்தூரி சுட்ட தோசையில் ஸ்கேலை வைத்துப் பார்த்து, "நடுவுல தடிப்பு" என்றார். அன்றைக்கு மதியம் அவருக்குச் சோறு கிடையாது. எங்கள் வீட்டில்தான் சாப்பிட்டார். கை கழுவிக்கொண்டே, எங்கள் மேஜை ஒரு பக்கம் சாய்ந்திருக்கிறது என்றார்.

ஒரு புயலில் தெருமுனைத் தூங்குமூஞ்சி மரம் விழுந்தது. ஆட்கள் வந்து கிளையையும் தண்டையும் துண்டு போட்டு லாரியில் ஏற்றிப் போனார்கள். அடிக்கட்டையை மட்டும் தூக்க முடியாமல், வேர் மேலே தெரியும்படி உருட்டிவிட்டுப் போய்விட்டார்கள். இரண்டு பேர் கைகோத்தால்தான் அதைக் கட்டிப்பிடிக்க முடியும். தெரு அதன்மேல் குப்பை கொட்டத் தொடங்கியது. அரைநூல் மட்டும் பக்கத்தில் போய்த் தட்டித் தட்டி, காதை வைத்துக் கேட்டார்.

"இன்னா தம்பி, உள்ள யாராச்சும் கீறாங்களா?" என்றேன்.

"யக்கா, இத்த கட்டைன்னு நெனைக்காத. வேரு திரும்புற எடத்துலதான் ரேகை சுழிஞ்சிகினு போவும். இத்த அறுத்து வாசக்கதவு செய்றேன் பாரு, ஊரே வந்து பாக்கும்."

ஊர் வந்து பார்க்கத்தான் பார்த்தது. மறுநாள் பொக்லைன் வந்தது, கட்டையைத் தூக்கிக்கொண்டு அவர் வாசலுக்குப் போனது. கட்டையின் குறுக்களவு நாலு அடி. வாசல் மூன்றரை. நீங்களும் நானுமாக இருந்தால் கட்டையை வெட்டுவோம். அரைநூல் சுவரை வெட்டினார். கீரை வாங்கப் போயிருந்த கஸ்தூரி திரும்பி வந்து பார்த்தால் கதவு கீழே, நிலை கீழே, செங்கல் கீழே. கூடத்தில் டிவிக்கு முன்னால் அந்தக் கட்டை எருமைமாடு படுத்த மாதிரி கிடக்கிறது.

"யோவ்! இன்னாயா இது?"

"கதவு."

"கதவு கீழ கீதுய்யா!"

"அது பழசு. புச்சு இதுக்குள்ள கீது. வெளிய எடுக்கணும், அவ்ளோதான்."

மேஸ்திரி வந்து சுவரைப் பூசி நிலையைத் திரும்ப நிறுத்திவிட்டார். கதவை மட்டும் மாட்ட விடவில்லை இவர். புதுசு வரப்போகிறதே, பழசு எதற்கு? வாசலில் கஸ்தூரியின் மஞ்சள் புடவை ஒன்று தொங்கியது. "ஒரே மாசம்" என்றார்.

அடுத்தது மிஷின். இரண்டு ஸ்கூட்டர் சக்கரம், ஒரு கிணற்று மோட்டார், சக்கரத்தைச் சுற்றி நாடா மாதிரி ஓடும் ஒரு ரம்பம். கூடத்துக்குள்ளேயே மரம் அறுக்கும் மில்! அது ஓடும்போது எங்கள் வீட்டு எவர்சில்வர் தட்டுகள் தாளம் போடும். மரத்தூள் ரோட்டைத் தாண்டி என் ரசத்தில் வந்து விழும். ஒருநாள் 'கிரீச்' என்று ஒரு சத்தம், கட்டைக்குள்ளிருந்து சைக்கிள் பூட்டுச் சங்கிலி ஒன்று வெளியே வந்தது. மரம் சின்னதாக இருந்தபோது யாரோ கட்டியது, மரம் வளர்ந்து விழுங்கிவிட்டது. பால்காரத் தாத்தா ஓடிவந்து, "என் சங்கிலிதான்யா! அறு, இன்னும் அறு! சைக்கிளும் உள்ளதான் கீது!" என்று மாலை வரைக்கும் அங்கேயே உட்கார்ந்திருந்தார்.

பலகை அறுத்தாயிற்று. உடனே கதவு செய்யக் கூடாதாம், காய வேண்டுமாம். பலகைக்கும் பலகைக்கும் நடுவே குச்சி வைத்து அடுக்கி, மேலே ஃபேனைப் போட்டார். மனுஷருக்கு ஃபேன் கிடையாது. ஈரம் பார்க்க ஒரு குட்டி மீட்டர். காய்ச்சல்காரப் பிள்ளைக்குப் பார்ப்பது போல் காலையும் மாலையும் அதைக் குத்திப் பார்ப்பார். "பதினாலு கீது. பன்னெண்டுக்கு வரணும்." மறுநாள் ஏரிக்காற்று அடிக்கும். மறுபடியும் பதினாறு.

இந்த எட்டு மாதமும் கஸ்தூரி வீட்டைவிட்டு நகரவில்லை. ஏன், அவர்தான் வீட்டிலேயே இருந்தாரே என்பீர்கள். கேளுங்கள். ஒரே ஒரு நாள் அவரை நம்பி ரேஷன் கடைக்குப் போனாள். புடவையை விலக்கிக்கொண்டு ஒருத்தன் உள்ளே வந்திருக்கிறான். இவர் தலை நிமிராமல், "நைனா, இந்த டேப்ப அந்தக் கோடியில புடி" என்றிருக்கிறார். அவனும் பிடித்திருக்கிறான். அளந்து முடித்ததும் சமையலறைக்குப் போய் குக்கரை எடுத்துக்கொண்டு போய்விட்டான். "ஆள் நல்லவன் கஸ்தூரி, கை ஆடவே இல்ல" என்றாரே பார்க்கலாம்!

இப்படி இருக்கும்போதுதான் கஸ்தூரியின் தம்பி மகளுக்குக் கல்யாணம் வந்தது, திருமழிசையில். தாய் இல்லாத அந்தத் தம்பியை இடுப்பில் தூக்கி வளர்த்தவள் இவள். அவன் பத்திரிகை கொண்டுவந்தபோது, தொங்கும் புடவையைப் பார்த்துவிட்டுச் சொன்னான்: "அக்கா, நீயும் மாமாவும் ஜோடியா வந்து நிக்கணும். ஊட்டுக்குக் கதவு இல்லன்னு இன்னொரு வாட்டி சொன்னா, எனக்கு அக்கா இல்லன்னு நெனச்சிக்கறேன்." கஸ்தூரி இரண்டு நாள் அழுதாள். அரைநூலும் சத்தியம் செய்தார்: கல்யாணத்துக்கு முன் கதவு.

கல்யாணத்துக்கு நாலு நாள் இருக்கும்போது மீட்டர் பன்னிரண்டு காட்டியது. நான், பக்கத்து வீட்டுத் தையல்கார மும்தாஜ், தெருப்பெண்கள் எல்லாரும் பார்க்கப் போனோம். பலகை என்னமோ அழகுதான், தண்ணீரில் எண்ணெய் விட்ட மாதிரி ரேகை. கஸ்தூரி ஆசையாக ஒன்றைத் தூக்கி நிலையில் சாய்த்தாள். அது அவள் மார்புவரைதான் வந்தது.

"இன்னாங்க இது? மீதி எங்க?"

அவர் டேப்பை எடுத்தார். பலகை மூன்றரை அடி. நிலை ஆறரை அடி. மறுபடி அளந்தார். அகலத்தை அளந்தார், கனத்தை அளந்தார், ஈரத்தை அளந்தார், எட்டு மாதத்தில் ஒருநாளாவது இந்த மனிதர் உயரத்தை அளக்க வேண்டாமா? அடிக்கட்டை என்றால் குட்டையாகத்தானே இருக்கும்! எங்களில் ஒருத்திக்குக்கூட அது தோன்றவில்லையே, அதைச் சொல்லுங்கள்.

"எத்தினி நூலு கம்மிண்ணே?" என்றாள் மும்தாஜ்.

"மூணு அடி" என்றார். சிரிக்கலாம் என்று வாயைத் திறந்தவள், அவர் முகத்தைப் பார்த்து மூடிக்கொண்டேன். கஸ்தூரி திட்டக்கூட இல்லை, அதுதான் பயமாக இருந்தது. "நான் வரலன்னு தம்பிக்குச் சொல்லிடறேன்" என்று அடுப்படிக்குப் போய்விட்டாள்.

மறுநாள் காலை மிஷின் சத்தம். இந்தத் தடவை மெலிசான சத்தம். ஓடிப்போய்ப் பார்த்தால், பலகையை அப்பளம் அப்பளமாக அறுக்கிறார். ஒவ்வொன்றும் அரை நூல் கனம்.

"இதுக்குப் பேரு வெனீரு யக்கா. தடிப் பலகைய நீட்ட முடியாது. இத்த மேல ஒண்ணு கீழ ஒண்ணு சேத்து ஒட்டிக்கினே போலாம்."

"எதுமேல ஒட்டுவ?"

மிஷின் நின்றிருந்த மேஜையின் மரத்தூளைக் கையால் தள்ளினார். அந்த மேஜைப் பலகைதான் பழைய கதவு!

"அடப்பாவி மனுசா! வெறகுக்குப் போட்டியாங்காட்டியும்னு நெனச்சேன்! எட்டு மாசமா இதும்மேலயா ஒனக்குக் காபி வெச்சிகினு கீறேன்?" என்று கஸ்தூரி கத்தினாள்.

"அப்டியே தூக்கி மாட்டிட்டுக் கல்யாணத்துக்குப் போய்யா" என்றேன். முடியாதாம். ரம்பம் இறங்குவதற்கு நடுவில் ஒரு கை நுழையும் சந்து வெட்டிவைத்திருந்தார். அதை அடைத்து, இழைத்து, வெனீரைப் பசை போட்டு ஒட்டி முடித்தபோது கல்யாண நாளே விடிந்துவிட்டது.

ஒட்டியதை ஆறு மணி நேரம் பாரம் வைத்து அமுக்க வேண்டும். கூடத்தில் கதவைப் படுக்கவைத்து அம்மிக்கல், அரிசி மூட்டை, சிலிண்டர் எல்லாம் ஏற்றினார். ஒரு மூலை அமுங்கினால் இன்னொரு மூலை எழும்புகிறது. பட்டுப்புடவை, பூ எல்லாம் வைத்துக்கொண்டு கஸ்தூரி நிற்கிறாள்.

"நீ போ கஸ்தூரி. நான் இதும்மேல படுத்துக்கறேன்."

"ஜோடியா வான்னு சொன்னானே! நான் மட்டும் போய் நின்னு, மாமா கதவு மேல படுத்துகினு கீறாருன்னு சொல்லவா?"

அவள் கண்மை கரைந்ததைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை. போனேன், கதவு மேல் உட்கார்ந்தேன்.

"ஐயையோ, அங்க குந்தாத யக்கா!" என்று பதறிவந்தவர் சட்டென்று நின்றார். மேலிருந்து கீழ்வரை என்னைப் பார்த்தார். "யக்கா, நீ எத்தினி கிலோ கீற?"

எழுபது வயசு தாண்டி என்னைப் பார்த்து ஒரு ஆம்பிளை கேட்கிற கேள்வியா இது! என் வீட்டுக்காரர் உயிரோடு இருந்தவரைக்கும் கேட்டதில்லை. "அறுபத்தெட்டு" என்றேன். சாக்பீஸால் ஒரு மூலையில் வட்டம் போட்டு என்னை அதில் நகர்த்தினார். தெருப்பெண்கள் ஒவ்வொருத்தராக வந்தார்கள். மும்தாஜ் தன் எடையைக் கஸ்தூரியின் காதில் மட்டும் சொன்னாள். "உண்மைய சொல்லும்மா, இது கதவு சமாச்சாரம்" என்று அவளை நட்டநடுவில் உட்கார வைத்தார். ஆறு பேர், ஆறு வட்டம். பள்ளம் விழாமல் இருக்க மற்ற ஐந்து பேருக்கும் அடியில் பலகை போட்டார். என் மூலைக்குப் பலகை இல்லை, பேப்பரை மடித்துப் போட்டார்.

"வீட்டையும் பாத்துக்கறோம், கதவையும் பாத்துக்கறோம். கெளம்புங்க!" என்றேன்.

இரண்டு பேரும் ஆட்டோவில் வேலப்பன்சாவடி போய் பஸ் பிடித்தார்கள். நாங்கள் அசையாமல் உட்கார்ந்தோம். இட்லி சாப்பிட்டோம், மாமியார் கதை பேசினோம். நடுவில் ஒரு கூரியர்க்காரர் புடவையை விலக்கி எட்டிப் பார்த்தார். ஆறு பொம்பளைகள் தரையில் ஒரு கதவு மேல் சாக்பீஸ் வட்டத்துக்குள் உட்கார்ந்திருப்பதைப் பார்த்துவிட்டு, கையெழுத்துகூட வாங்காமல் பார்சலைப் போட்டுவிட்டு ஓடினார்.

மூன்று மணிக்குத் தாம்பூலப் பையோடு திரும்பினார்கள். "என் தம்பி மாலைய எங்க ரெண்டு பேர் கையாலதான் எடுத்துக் குடுக்கச் சொன்னான் யக்கா" என்று கஸ்தூரி என்னைக் கட்டிக்கொண்டாள்.

கதவை நிமிர்த்தினோம். அடுத்தடுத்து அறுத்த இரண்டு ஏட்டைப் புத்தகம் விரித்த மாதிரி ஒட்டியிருந்தார். இந்தப் பக்கம் உள்ள சுழி அந்தப் பக்கமும். இரண்டு மயில்கள் நேருக்கு நேர் நிற்பது போல் இருந்தது. அவர் ஸ்கேலை வைத்துக்கொண்டே வந்தார். என் மூலையில் நின்றார். சின்னதாக ஒரு பள்ளம்.

"அரை நூலு" என்றார்.

"தேச்சு சரி பண்ணிடேன்" என்றாள் கஸ்தூரி.

அவர் ஸ்கேலைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். "கெடக்கட்டும். யக்கா குந்துன எடம்."

இப்போது அவர்கள் ஓசூரில் இருக்கும் மகள் வீட்டோடு போய்விட்டார்கள். கதவையும் கழற்றி, போர்வை சுற்றி, லாரியில் கூடவே கொண்டுபோனார். எப்போதாவது போன் வரும். உடம்பு எப்படி, பிள்ளைகள் எப்படி என்றெல்லாம் கேட்கிற ஆளா அவர்?

"யக்கா, இப்போ எத்தினி கிலோ கீற?"

"அறுபத்தஞ்சு தம்பி."

"சாப்புடு யக்கா. பள்ளம் அறுபத்தெட்டுக்குக் கீது."

அன்றிலிருந்து தினமும் ஒரு தோசை கூடச் சாப்பிடுகிறேன்.