எதிர்தரப்பிடம் நான் கேட்டு வாங்கிய சீட்டுகள்

வக்கீல் தொழிலில் அதிகமாகப் பேசித் தோற்றவர்கள் உண்டு. நான் அதிகமாகக் கேட்டுத் தோற்றவள்.

வேலூரில் ஒரு சீனியரிடம் ஜூனியராகச் சேர்ந்து அப்போது எட்டு மாதம். சட்டம் முழுவதும் எனக்கு அத்துப்படி என்ற எண்ணம் எனக்கு மட்டும் இருந்தது. எங்கள் கட்சிக்காரர் குமரேசன், ஆம்பூரில் ஷூவின் மேல்பாகம் தைத்துக் கொடுக்கும் சின்னப் பட்டறை வைத்திருந்தார். பட்டறைக்கு வண்டி போக ஒரே வழி, பக்கத்து வீட்டு ரோஸ்லின் அம்மாவின் காலி இடம். அவர் திடீரென்று அங்கே கேட் போட்டுப் பூட்டிவிட்டார். வண்டி வராவிட்டால் பட்டறையை மூட வேண்டியதுதான். தைக்கிற பதினாலு பெண்களுக்கும் வேலை போய்விடும். இருபது வருஷத்துக்கு மேல் யாரையும் கேட்காமல், உரிமையோடு போய்வந்தோம் என்பதே எங்கள் வழக்கு. அந்தக் 'கேட்காமல்' இல்லையென்றால் வழக்கே இல்லை.

விசாரணைக்கு முன்பு, எதிர்தரப்பிடம் இருக்கும் ஆவணங்களைக் காட்டச் சொல்லி நோட்டீஸ் அனுப்பலாம். சென்னைக்குக் கிளம்பிய சீனியர், கிரயப் பத்திரத்தையும் மனை வரைபடத்தையும் மட்டும் கேட்கச் சொன்னார். இரண்டே வரி. (ரெண்டு வரி எழுதவா அஞ்சு வருஷம் லா படிச்சேன்?) மூன்றாவதாக ஒரு வரி சேர்த்தேன்: எங்கள் கட்சிக்காரர் உங்களுக்கு எழுதிய கடிதம், சீட்டு, துண்டுக் காகிதம் எதுவானாலும் காட்டவும். ஒன்றும் இருக்காது, 'இல்லை' என்று எழுதிக் கொடுப்பார்கள், அது நமக்குப் பலம் என்று நினைத்தேன். குமரேசனிடம் ஒரு வார்த்தை விசாரித்திருக்கலாம். தோன்றவில்லை.

குறித்த நாளில் அவரையும் கூட்டிக்கொண்டு எதிர்தரப்பு வக்கீலின் அலுவலகத்துக்குப் போனேன். அந்த வக்கீல் ஃபோனில் கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருந்தார். அங்கே வந்திருந்த ரோஸ்லின் அம்மா முப்பது வருஷம் ஒரு ஷூ கம்பெனியில் ஆள் வருகைக் கணக்கு பார்க்கும் டைம் ஆபீஸில் இருந்தவர். ஒரு காகிதத்தையும் தூக்கிப் போட்டதில்லையாம். (இதை யாராவது முன்னாடியே எனக்குச் சொல்லித் தொலைத்திருக்கக் கூடாதா?) தடித்த ஃபைல் ஒன்றை என் முன்னால் வைத்தார்.

"நீ கேட்டியேம்மா, ரெண்டு நாளா பரண் மேல ஏறித் தேடினேன். எங்க வக்கீல் சார் இதெல்லாம் கேக்கவே இல்ல."

துளை போட்டு, வருஷவாரியாகக் கோத்த சீட்டுகள். பட்டறையில் வேலை விவரம் குறிக்கும் ஜாப் கார்டுகளின் பின்பக்கத்தில் குமரேசனின் கையெழுத்து. முதல் சீட்டை, புத்தி கெட்டுப்போய், சத்தமாகப் படித்தேன்: "அக்கா, இந்த வருஷமும் வண்டி போய்வர அனுமதி தருமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்."

'அனுமதி' காதில் விழுந்ததும் எதிர்தரப்பு வக்கீல் ஃபோனைக் கவிழ்த்து வைத்துவிட்டு, இப்படி எத்தனை இருக்கிறது என்று கேட்டார். வருஷத்துக்கு ஒன்று, கடைசி வருஷத்துக்கு மட்டும் இல்லை என்றார் ரோஸ்லின் அம்மா.

நான் குமரேசனைப் பார்த்தேன்.

"இன்னா மேடம், ஒரு மரியாதைக்கு எழுதறதுதானே," என்றார் அவர். "அந்த ஒரு வருஷம் மறந்துட்டேன்."

"அதுக்குத்தான் கேட் போட்டேன்," என்றார் ரோஸ்லின் அம்மா.

ஒரு துண்டுச் சீட்டு எழுத மறந்ததற்கு ஒரு கேட், ஒரு வழக்கு, எத்தனையோ வாய்தா. தலையை எந்தச் சுவரில் முட்டிக்கொள்வது என்று தெரியவில்லை. சீனியர் திரும்பி வந்து எல்லாவற்றையும் கேட்டார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி, "அந்தப் பக்கத்து கேஸையும் நீயே நடத்திக் குடுத்துட்ட," என்றார். வேறு வழியில்லாமல் சமரசத்துக்குப் போனோம். வருஷா வருஷம் குமரேசன் சீட்டு எழுத வேண்டும், கேட் திறந்திருக்கும். நல்லவேளை, பதினாலு பேருக்கும் வேலை தப்பியது. எதிர்தரப்பு வக்கீல் மட்டும் இன்றும் என்னை எங்கே பார்த்தாலும் டீ வாங்கித் தருகிறார்.

இரண்டு வருஷம் கழித்து என்னைப் பெண் பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளையிடம் ஏதாவது கேட்க வேண்டுமா என்று அவருடைய அப்பா என்னிடம் கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் என் அம்மா குறுக்கே விழுந்தார்.

"அவள ஒண்ணும் கேக்க விடாதீங்க சம்பந்தி. கேட்டா கெடச்சிடும்."

கதை தெரிந்த நாளிலிருந்து, நான் எதையாவது விசாரிக்க ஆரம்பித்தால், என் கணவர் முதலில் பரணைத்தான் பார்க்கிறார்.