மாமாவின் மண்டபத்தில் அம்மா நின்ற மூலை

அன்புள்ள அக்காவுக்கு,

தங்கை எழுதுவது. இங்கே அம்மாவைத் தவிர எல்லோரும் நலம். போனில் சொன்னால் பாதியிலேயே நீ கத்த ஆரம்பித்துவிடுவாய், அதனால் எழுதுகிறேன்.

மாமாவின் புது மண்டபத்தைத் துடைக்கப் போன அன்று ஒரு மூலையில் வாளியைக் கீழே வைத்தேன். எதிர்ப்பக்கம் யாரோ இன்னொரு வாளியை வைக்கிற சத்தம் கேட்டது. திரும்பிப் பார்த்தால் ஆளே இல்லை. மாமாவிடம் சொல்லலாம் என்று பக்கத்தில் போய் நின்றேன். "என்னடி, தண்ணி வேணுமா?" என்றார். தலையாட்டி, தண்ணீரைக் குடித்துவிட்டு வந்துவிட்டேன்.

நேற்று உன் மாப்பிள்ளை வீட்டார் கல்யாணத்துக்கு மண்டபம் பார்க்க வந்தார்கள். மாமா மைக்கைப் பிடித்து "எல்லாரும் வாங்க" என்றார். பளபளக்கும் தரையும் கண்ணாடிச் சுவரும் கிண்ணத்தைக் கவிழ்த்த மாதிரி இருக்கும் கூரையும் அந்த 'வாங்க'வை விடவேயில்லை. அது அடங்குவதற்குள் அடுத்த வார்த்தை அதன் முதுகில் ஏறி, எல்லாம் கூழாகிவிட்டது. ஒன்றும் புரியவில்லை என்றதும் மாமா சத்தத்தைக் கூட்ட, மைக் வீலென்று அலற, மாப்பிள்ளையின் அப்பா காதைப் பொத்திக்கொண்டு, சாப்பாடு எங்கே என்று கண்ணாலேயே கேட்டார். துணி கட்டினால் எதிரொலி குறையுமென்று மைக்செட்காரர் சொல்ல, மாமா நம் வீட்டுப் போர்வைகளை அள்ளிவந்து கட்டினார். உன் கிழிந்த பூப்போட்ட போர்வைதான் மேடைக்கு நடுவில். "இது யாருது?" என்று மாப்பிள்ளையே கேட்டார். நான் வெட்கப்பட்டு ஒரு மூலைக்கு ஓடினேன்.

அம்மாவும் பின்னாலேயே வந்து என் காதோடு சொன்னாள்: "அந்தம்மா வந்ததுலேருந்து சிரிக்கவே இல்ல பாத்தியா? பல்செட்டு விழுந்துடும்னு பயம்போல."

சுவர் பதில் சொன்னது: "விழாதுங்க. கெட்டியாத்தான் இருக்கு."

மறுகோடி மூலையில் உன் வருங்கால மாமியார் தனியாக நின்றிருந்தார். அந்த வளைந்த கூரை ஒரு மூலையில் சொன்னதை எதிர்மூலையில் அப்படியே கொண்டுபோய்க் கொடுத்துவிட்டது. நடுவில் நின்ற மாமாவுக்கு ஒன்றும் கேட்கவில்லை. அவர்கள் தண்ணீர்கூடக் குடிக்காமல் கிளம்பியதும், "மண்டபம் புடிக்கலையோ?" என்று அப்பாவியாகக் கேட்டார்.

கல்யாணம் நின்றுவிட்டது என்று அம்மா படுத்துவிட்டாள். நீ லீவு எழுதிக் கொடுக்காதே. தைக்கக் கொடுத்ததைத் திரும்ப வாங்கிவிடு. உடம்பைப் பார்த்துக்கொள். அழுவதென்றால் மூலையில் நின்று அழாதே.

உன் பிரியமுள்ள
தங்கை

பின்குறிப்பு: உறையை ஒட்டாமல் வைத்திருந்தது நல்லதாயிற்று. இன்று மண்டபத்தைத் துடைத்துக்கொண்டே அந்த மூலைக்குப் போனபோது சுவர் கூப்பிட்டது. உன் மாமியார் தனியாகத் திரும்பி வந்து எதிர்மூலையில் நின்றிருந்தார்.

"தங்கச்சிதானே? அம்மா இருக்காங்களா?"

"இல்லீங்க."

"நல்லதாப் போச்சு. உங்க அக்காவுக்கும் இதே வாயா?"

முகத்தைப் பார்த்தால்தான் எனக்குப் பேச்சு வராது, சுவரிடம் வந்துவிட்டது. "இல்லீங்க. அக்கா யாரையும் பின்னால பேசமாட்டா. மூஞ்சிக்கு நேராவே சொல்லிடுவா."

சுவர் சிரித்தது. பல் விழவில்லை. "அப்ப எங்க வீட்டுக்குச் சரிப்படுவா. கல்யாணம் இங்கேயே நடக்கட்டும். அந்தப் போர்வைய மட்டும் கழட்டிடு."

ஆகவே மேலே சொன்ன எதையும் செய்யாதே. நான் போர்வைகளைக் கழற்றி மடித்தேன். பிறகு, கல்யாணத்தன்று அம்மா உட்காரவென்று மாமா அந்த மூலையில் போட்டிருந்த நாற்காலியைத் தூக்கி, பேச்சு எந்த மூலைக்கும் எட்டாதபடி மண்டபத்தின் நட்டநடுவில் போட்டேன்.