அந்தியேட்டிப் பேரிக்காய்

கொள்கைப் பிடிப்புள்ளவர்களிடம் சாவீட்டுப் பொறுப்பு எதையும் ஒப்படைக்கக் கூடாது. இதை நான் உறுதியாகச் சொல்வேன். அப்பாவின் முப்பத்தோராம் நாள் சடங்கான அந்தியேட்டிக்குப் பழம் ஏற்பாடு செய்தவள் நான்.

நாங்கள் குடியேறிய பனிநாட்டு ஊரான இல்-பிசாரில், எங்கள் வீட்டுப் பின்வளவில் அப்பா நட்ட முதல் இரண்டு பேரி மரங்களையும் பனி கொன்றது. மூன்றாவதாக, கடுங்குளிரையும் தாங்கி இலையுதிர்காலத்தில் பழம் தரும் இனம் ஒன்றைத் தேடி வாங்கி வந்தார். அது பிழைத்தது. பல ஆண்டுகள் கழித்து அது முதன்முறையாகக் காய்த்த கோடையில் அப்பா படுக்கையில் இருந்தார். "பழுக்கட்டும், பேந்து சாப்பிடுவம்" என்று சன்னலூடாகப் பார்த்துச் சொன்னார். பழுக்கும்வரை அவர் இருக்கவில்லை.

அம்மாவுக்கு அதன் பிறகு ஒரே விருப்பம்தான்: முப்பத்தோராம் நாள் படையலில் அந்த மரத்துப் பழம் இருக்க வேண்டும்.

"துடக்கோடை பறிக்கிறேல்லை. அண்டைக்கு விடியத்தான் பறிக்கோணும்" என்றார் அப்பாவின் தங்கையான மாமி. சாத்தீட்டைக் குறிக்கும் துடக்கு என்ற சொல்லைக் கேட்டாலே வாதாடத் தொடங்கும் நான், அன்று உடனே தலையாட்டினேன். பழம் மரத்திலேயே இயற்கையாகக் கனிய வேண்டும் என்பது என் கொள்கை. (நான் சூழலியல் படித்தவள்; ஒரு காய்கூடப் பறித்தவளல்ல.) வரலாற்றில் முதன்முறையாகத் துடக்கும் சூழலியலும் உடன்பட்டன.

அத்துடன் நான் நிற்கவில்லை. தொலைதூரத்திலிருந்து வரும் பழங்களால் பூமிக்கு நேரும் கேட்டை விளக்கி, வேறு பழம் எதையும் வாங்க விடவில்லை.

"ஒரு சீப்பு வாழைப்பழமாவது வேண்டுவம் பிள்ளை."

"அப்பான்ரை மரம் நிக்கேக்கை என்னத்துக்கம்மா?"

துயரத்தை வாதமாக்கும் திறமை எனக்கு அப்போது நிறையவே இருந்தது.

அந்தியேட்டியன்று விடியப் பறித்தோம். பொன்னிறமாய், தொட்டால் மெத்தென்றிருந்தன. அப்பாவின் படத்துக்கு முன்னால் படைத்து, சாப்பாடு முடிந்ததும் ஆளுக்கொன்றாக நானே கொடுத்தேன். கொடுத்ததோடு உள்ளூர் உணவின் சிறப்பைப் பற்றி ஒரு சிற்றுரையும் தொடங்கினேன். எல்லோரும் கடித்தார்கள். ஒருவரும் மெல்லவில்லை.

படையலைத் துப்ப யாருக்கு மனம் வரும்? ஒவ்வொரு கன்னமாக உப்பியது. பக்கத்து ஊரான டொலார்ட்-டெஸ்-ஓர்மோவிலிருந்து வந்திருந்த சித்தப்பா, கண்ணில் நீர் முட்ட விழுங்கினார். அதை என் உரையின் பயன் என்று கருதி, நான் உரையை இன்னும் சற்று நீட்டினேன்.

கடைசியில் மாமிதான் கையில் துப்பினார்.

"உள்ளுக்கெல்லாம் சேறடி பிள்ளை!"

ஒன்றை வெட்டினேன். தோல் பொன், நடுவில் கறுத்த கூழ். மற்றவையும் அப்படியே. (இந்த இனத்தைக் காயாகவே பறித்து, குளிரில் வைத்து, பிறகு வீட்டுக்குள் கனிய விட வேண்டும்; மரத்தில் விட்டால் நடுவிலிருந்து அழுகும் என்று பின்னர் வாசித்தறிந்தேன். அப்பாவுக்குத் தெரிந்திருக்கும். அவர் இருந்தபோது நான் அந்த மரத்தைப் பற்றி ஒரு கேள்வியும் கேட்டதில்லை.)

சித்தப்பா வாயைத் துடைத்துக்கொண்டார். "அண்ணை தனக்கெண்டு வளர்த்ததெல்லோ. எங்களுக்குத் தர விருப்பமில்லைப் போல."

வீடே சிரித்தது. அப்பா போனபின் முதல் தடவையாக அம்மாவும் சிரித்தார். சிரித்தபடியே படத்தின் முன்னிருந்த பழத்தை எடுத்து, தோலை ஒட்டி மெல்லிய கீற்றொன்றைச் சீவி வாயில் வைத்தார்.

"ஓரத்திலை நல்ல இனிப்பு" என்றார். பிறகு அழுதார்.

இன்று எங்கள் குடும்பத்தில், வெளியில் மினுங்கி உள்ளே பழுதான எதற்கும் 'அந்தியேட்டிப் பியர்ஸ்' (பேரிக்காயை வீட்டில் அப்படித்தான் சொல்வோம்) என்றுதான் பெயர். பூச்சடித்து விற்ற பழைய காருக்கு அந்தப் பெயர். மைத்துனி ஒருத்திக்குப் பேசி வந்த மாப்பிள்ளைக்கும் அதே பெயர். நான் இப்போது வசிக்கும் செயின்ட்-மிஷேலிலிருந்து தொலைபேசியில் "எப்பிடியம்மா இருக்கிறியள்?" என்று கேட்டால், சில நாள்களில் அம்மா சொல்வார்: "எனக்கென்ன, அந்தியேட்டிப் பியர்ஸ் மாதிரி இருக்கிறன்."

இருவரும் சிரிப்போம். அப்படிச் சொன்ன நாள்களில், வேலை முடிந்ததும் நான் நேரே இல்-பிசாருக்குப் பஸ் ஏறிவிடுவேன்.