கோழி அடைகாத்த தயிர்

கிருமிகளுக்கு மரியாதை கொடுத்துப் பேசின ஒரே மனுஷி, திருச்சி ஜில்லாவிலேயே எங்க கிருமியக்காதான். வாடகை வாங்க வர்ற வீட்டு ஓனரையே "என்னய்யா" என்பாங்க. கிருமிகளுக்கு மட்டும் "வாங்க, வளருங்க"!

அறுபதுகளில் மன்னார்புரத்தில் எங்க பக்கத்துப் போர்ஷனில் குடியிருந்து, காலேஜில் கிருமிகளைப் பற்றி எம்.எஸ்ஸி. படிச்சாங்க. அஞ்சாங்கிளாஸோடு நின்ன நான், அவங்களைப் பார்த்தாலே கதவுக்குப் பின்னாடி போயிடுவேன். விடமாட்டாங்க. எனக்குச் சளி பிடிச்சால் கதவுக்கு அந்தப் பக்கமிருந்தே சத்தம் வரும்: "தும்மு தங்கச்சி, தும்மு! உள்ளே உன் சிப்பாய்ங்க சண்டை போடுறாங்க!"

அவங்க ஆராய்ச்சி தயிர்க் கிருமி. பஞ்சு அடைச்ச கண்ணாடிக் குழாய்களோடு பஸ் ஏறி, ஸ்ரீரங்கத்தில் வீடு வீடாகத் தயிர் கேட்பாங்க. முட்டைங்கிற வார்த்தையையே காதில் வாங்காத ஒரு மடி மாமிதான் மனசிறங்கினாங்களாம்.

"சாப்பிடவா கேக்கறே?"

"இல்ல மாமி, வளர்க்க."

"பெருமாளுக்கு அமுது பண்ணின தயிர். ஆசாரமா வச்சுக்கோ."

மத்த வீட்டுத் தயிரெல்லாம் அக்காவின் காலை வாரிடுச்சு. மாமி வீட்டுக் கிருமிங்கதான் சொன்ன பேச்சு கேட்டாங்க. கடைசியில் செய்முறைப் பரீட்சை வந்தது. வெளியூரிலிருந்து வர்ற பரீட்சை அதிகாரிக்கு அந்தக் கிருமிங்களை வளர்த்துக் காட்டணும். இல்லேன்னா ஃபெயில். ஃபெயிலானால் துறையூர் அரிசி மில்காரர்தான் மாப்பிள்ளைன்னு அவங்க அப்பா தீர்மானமா சொல்லிட்டார்.

பரீட்சைக்கு முதல் நாள் பார்த்துக் காலேஜில் கரண்ட் போச்சு. கிருமிகளைக் கதகதப்பா வைக்கிற பெட்டி சில்லிட்டுப் போச்சு. மாமி வீட்டுக் கிருமிங்களை ஒரு சொட்டு விட்ட சத்துத் தண்ணிக் குழாய்களை முந்தானையில் பொத்திக்கிட்டு அக்கா ஓடி வந்தாங்க.

"தங்கச்சி, உங்க வீட்டுல யாருக்காவது காய்ச்சல் இருக்கா?"

"இல்லீங்கக்கா."

"சே, என்ன வீடு இது! விடியற வரைக்கும் உடம்புச் சூடு வேணுமே!"

கொல்லைப்பக்கம் கையை மட்டும் காட்டினேன். அங்கே கூடையில் என் பொட்டைக்கோழி அடையில் உட்கார்ந்திருந்தது.

அக்கா என்னைக் கட்டிப்பிடிச்சு ஒரு சுத்து சுத்தினாங்க. முட்டைகளுக்கு நடுவே குழாய்களைச் செருகினாங்க. கோழி விட்டது ஒரு கொத்து! "கொத்தட்டும், எனக்கும் சிப்பாய்ங்க இருக்காங்க!" அப்புறம் குனிஞ்சு குழாய்களைப் பார்த்து, "வளருங்க, பத்திரமா வளருங்க. மாமிகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க."

விடிஞ்சதும் எடுத்தோம். தெளிவா இருந்த குழாயெல்லாம் கலங்கிக் கிடந்தது.

"கெட்டுப்போச்சாக்கா?"

"அட அசடே, கலங்கினாத்தான்டி வளர்ந்திருக்காங்கன்னு அர்த்தம்!"

பரீட்சைக்கு வந்தவர் அசந்துட்டாராம். "கரண்டே இல்லையே, எந்தக் கம்பெனிப் பெட்டிம்மா?"

"மன்னார்புரம் தயாரிப்பு, சார். தவிடு போட்டா போதும்."

பாஸாயிட்டாங்க. மில்காரர் தப்பிச்சார். அக்காவும் வேலை கிடைச்சு வடக்கே போயிட்டாங்க.

இப்பவும் பாலுக்கு உறை ஊத்தி மூடறப்போ, சுத்திமுத்தும் பார்த்துட்டு, "வளருங்க"ன்னு சொல்லுவேன். சில நாள், "அக்கா நல்லாயிருக்காங்களா?"ன்னும் கேட்டுடுவேன்.